புள்ளடிக்குப் பின்: நம்பிக்கையும் நமது பொறுப்பும்

2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று நான் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் கடமையில் இருந்தேன். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய விடயமல்ல. காலை ஏழு மணிக்கு வாக்களிப்பு தொடங்கியது. வாக்காளர்களின் விரலுக்கு மை பூசுவது எனக்குக் கிடைத்த வேலை.

பத்து மணியளவில் ஒரு மூத்தம்மா வந்தார். பேத்தி கையைப் பிடித்துக் கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டு நின்றாள். நான் மை பூச விரலைப் பிடித்தபோது அவர் குனிந்து என் காதோடு கேட்டார்: "மகள், இந்த முறையாவது எங்கட ஒழுங்கைக்கு ஒரு கான் கட்டித் தருவாங்களா? மழ வந்தா ஊட்டுக்குள்ள தண்ணி."

அந்த இடத்தில் நான் எதுவும் பேசக்கூடாது. சிரித்துக்கொண்டே வாக்குச் சீட்டு வாங்கும் மேசையைக் காட்டினேன். அவர் போய்ப் புள்ளடியைப் போட்டுவிட்டு, பெரிய கடமையொன்றை முடித்த முகத்தோடு வெளியேறினார்.

அந்தக் கேள்வி அன்று முழுக்க என்னோடு இருந்தது. நாட்டின் நிறைவேற்று அதிகாரம் முழுவதையும் கையில் எடுக்கப்போகும் ஒருவரைத் தெரிவு செய்யும் நாளில், அந்த மனிசி கேட்டது ஒரு கானை மட்டும்தான். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கானுக்கும் அந்தப் புள்ளடிக்கும் இடையில் எத்தனை படிகள் இருக்கின்றன, அந்தப் படிகளில் யார் யார் நிற்க வேண்டும் என்பதை நாம் அவருக்கு ஒருபோதும் சொல்லிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கே அது சரியாகத் தெரியாது. இக்கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

நம்பிக்கை வேறு, எதிர்பார்ப்பு வேறு

தேர்தல் முடிந்த கையோடு எல்லா வாயிலும் புழங்கிய சொல் "நம்பிக்கை". தமிழ் படிப்பிப்பவள் என்ற முறையில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. "இன்றைக்கு மழை பெய்யும் என்று நம்புகிறேன்" என்கிறோம். "அவரை நம்பி வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன்" என்றும் சொல்கிறோம். இரண்டிலும் சொல் ஒன்று, பொருள் ஒன்றல்ல. முதலாவது வெறும் எதிர்பார்ப்பு. வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம்; நமக்கு அதில் வேலை ஏதுமில்லை. இரண்டாவது ஒரு கொடுக்கல் வாங்கல். திறப்பைக் கொடுத்தவருக்கும் வேலை இருக்கிறது, வாங்கியவருக்கும் வேலை இருக்கிறது. இந்த இரண்டாவதைத்தான் நாம் அமானிதம் என்கிறோம்.

வாக்கு என்பது இந்த இரண்டாவது வகை. ஆனால் நாம் அதை முதலாவது வகையாகவே நடத்தி வந்திருக்கிறோம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புள்ளடியைப் போட்டுவிட்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது. வராவிட்டால் ஏசுவது. பிறகு அடுத்த தேர்தலில் இன்னொரு வானத்தைப் பார்ப்பது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்றொரு அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவதும் பிழை, நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் பிழை என்ற கருத்தை அங்கே காணலாம். "அப்படியென்றால் வாக்குப் போட்ட பிறகு கேள்வி கேட்பது சந்தேகப்படுவதல்லவா டீச்சர்?" என்று உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நான் அவளுக்கு எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் ராத்தாவின் கதையைச் சொன்னேன். இருபது வருடமாக அவர் சீட்டு நடத்துகிறார். எல்லோருக்கும் அவரில் நம்பிக்கை. ஆனாலும் மாதாமாதம் கொப்பியைக் கொண்டுவந்து, யார் காசு கட்டினார், யாருக்குப் போனது என்று விரித்துக் காட்டுவார். கொப்பியைப் பார்ப்பவர்கள் அவரைச் சந்தேகப்படவில்லை. கொப்பி இருப்பதால்தான் அந்த நம்பிக்கை இருபது வருடம் நின்றிருக்கிறது. கணக்குக் கேட்பது நம்பிக்கைக்கு எதிரியல்ல, அதுதான் அதற்குக் காவல்.

இலக்கங்கள் சொன்ன செய்தி

இந்தத் தேர்தலின் இலக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு கோடியே 71 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் 79 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளையும், சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளையும் பெற்றார்கள். சதவீதக் கணக்கில் 42.31உம் 32.76உம். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. 1982இலிருந்து நடந்த ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களில் இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப்பட்டது இதுவே முதற்தடவை.

அது எப்படி நடக்கிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிய வந்தது. வாக்காளர் ஒருவர் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு வரிசை இடலாம். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதலிரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் போட்டியிலிருந்து நீங்குவார்கள். நீங்கியவர்களுக்கு முதல் விருப்பை இட்ட சீட்டுகளை மட்டும் மீண்டும் எடுத்து, அவற்றில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அந்த இருவரில் ஒருவர் குறிக்கப்பட்டிருந்தால், அது அவருக்குப் போய்ச் சேரும்.

இந்த முறை அப்படி மீண்டும் எடுக்கப்பட்ட சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் இருவரில் ஒருவரைச் சென்றடைந்தவை எத்தனை தெரியுமா? அநுர குமாரவுக்கு 105,264. சஜித் பிரேமதாசவுக்கு 167,867. இரண்டும் சேர்ந்து 273,131. நூற்றுக்கு எட்டு! மிச்சம் முப்பது இலட்சம் சீட்டுகள் அந்த இறுதித் தீர்மானத்தில் வாய் திறக்கவே இல்லை. முதற்சுற்றில் இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் சுமார் 12 இலட்சத்து 72 ஆயிரம் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. சட்டம் 1978இன் யாப்பிலேயே நமக்குத் தந்து வைத்திருக்கும் ஒரு கருவியை நாம் எடுத்துப் பாவிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். "ரெண்டு மூண்டெல்லாம் போட்டா வாக்குப் பழுதாகிடும்" என்று நம்மிடையே பரவியிருந்த கதை அதற்கு ஒரு காரணம்.

அடுத்த செய்தி, நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் இருக்கிறது. 79 சதவீதமாக இருந்த வாக்களிப்பு 69 சதவீதமாகக் குறைந்தது. எண்ணிக்கையில் 18 இலட்சம் பேர். எட்டு வாரத்துக்குள் 18 இலட்சம் பேர் "பெரிய ஆள் வந்துவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார்" என்றோ, "இனி என்னத்துக்கு" என்றோ வீட்டில் இருந்துவிட்டார்கள். நம்பிக்கையால் வராதவரும் விரக்தியால் வராதவரும் கணக்கில் ஒன்றுதான்.

2015 விட்டுச் சென்ற பாடம்

நம் சமூகத்துக்கு இந்த உணர்ச்சி புதியதல்ல. 2015 ஜனவரி 8ஆம் திகதி விடிய முன்பே வரிசையில் நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. அதற்கு முந்திய வருடம் ஜூன் மாதம் அளுத்கமையிலும் பேருவளையிலும் நடந்தவை நம் மனங்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. மைத்திரிபால சிறிசேன வென்றபோது சில வீடுகளில் பாற்சோறு பொங்கினார்கள். "நல்லாட்சி" என்ற சொல்லுக்கு அப்போது ஒரு வாசம் இருந்தது.

பிறகு 2017 நவம்பரில் கிந்தோட்டை. 2018 பெப்ரவரியில் அம்பாறை. மார்ச்சில் திகன. நாம் வாக்குப் போட்டுக் கொண்டுவந்த அரசாங்கத்தின் காலத்தில்தான் இவையெல்லாம் நடந்தன. அந்த ஆட்சியில் முஸ்லிம் அமைச்சர்களும் இருந்தார்கள். "இனி யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான்" என்று பலர் கையை உதறியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்த நல்லாட்சிக் காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. 2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தம் நிறைவேறியது. 2016இல் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்து, 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 19ஆவது திருத்தத்தை அடுத்து வந்தவர்கள் 20ஆல் அடித்து நீக்கினார்கள். தகவல் சட்டம் மட்டும் இன்றும் இருக்கிறது. நாம் கொண்டாடிய தலைவர்கள் போய்விட்டார்கள், நாம் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தச் சட்டம் நம்மோடு நிற்கிறது. பாற்சோறு பொங்கிய வீடுகளில் எத்தனை பேர் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமாவது எழுதியிருப்போம்? நான் எழுதியிருக்கவில்லை.

ஜனாஸா எரிப்பு நாட்களில்

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரையான நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. கொவிட் தொற்றில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. 276 முஸ்லிம்களின் உடல்கள் அவ்வாறு எரிக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்கு மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது.

அந்த நாட்களில் நமக்குப் பிரதிநிதித்துவம் இல்லாமல் இல்லை. நீதியமைச்சராக இருந்தவரே ஒரு முஸ்லிம். எதிர்க்கட்சியிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் பலர், ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தத்துக்குக் கையை உயர்த்தினார்கள். டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது.

பிறகு என்ன நடந்தது? பிறந்து இருபது நாளேயான ஒரு பச்சைக் குழந்தையை எரித்த செய்தி வெளிவந்ததும், பொரளை மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. சிங்களவர்கள் கட்டினார்கள், தமிழர்கள் கட்டினார்கள், கிறிஸ்தவக் குருமார் வந்தார்கள். நாடெங்கும் வீட்டு வாசல்களில் வெள்ளைத் துணி தொங்கியது. 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணியில் தமிழ் மக்கள் தங்கள் கோரிக்கைகளோடு நம்முடைய ஜனாஸாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெளிநாட்டு அழுத்தமும் சேர்ந்தது. அந்த மாத முடிவில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கங்கள் நடந்தன.

அமைச்சர் கதிரை அன்று செய்யாத வேலையை ஒரு முழத் துணி செய்தது. குடிமக்கள் என்ற நிலையில், பக்கத்துச் சமூகத்தோடு சேர்ந்து நின்றபோதுதான் கதவு அசைந்தது. 2022 ரமழானில் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் சேர்ந்து இப்தார் செய்த காட்சியும் அந்தத் துணியின் தொடர்ச்சிதான் என்பது என் எண்ணம்.

"நம்மட ஆள் ஒருவரும் இல்லையே!"

இந்தப் பின்னணியில்தான் இப்போது எல்லா இடத்திலும் கேட்கும் ஒரு கேள்வியைப் பார்க்க வேண்டும். நவம்பர் 18ஆம் திகதி பதவியேற்ற அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. அப்போது ஒரு முஸ்லிம் பிரதியமைச்சராகவும், இன்னொருவர் பிரதிச் சபாநாயகராகவும் இருந்தார்கள். அமைச்சரவையில் இல்லை. ஜும்ஆ முடிந்து வந்த என் கணவர், தேத்தண்ணிக் கடையில் அன்று முழுக்க இதே பேச்சு என்றார்.

இந்த வருத்தம் நியாயமானது. நாட்டின் ஜனத்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் தீர்மானம் எடுக்கும் மேசையில் இல்லை என்பது சின்ன விடயமல்ல. "இனம் பார்க்காமல் தகுதி பார்த்தோம்" என்ற பதிலும் எனக்குப் போதவில்லை. ஒரு நாட்டின் அமைச்சரவை அந்த நாட்டைப்போல இருக்க வேண்டும். இதை மரியாதையாகவும் உரத்தும் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது; சொல்லவும் வேண்டும்.

ஆனால் அந்த ஒன்றையே நம்முடைய நம்பிக்கையின் அளவுகோலாக வைத்தால், மேலே சொன்ன வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அமைச்சர் இருந்த காலத்தில் நாம் என்ன கேட்டோம்? தனிப்பட்ட இடமாற்றம், வேலை வாய்ப்பு, பாடசாலைக்கு ஒரு கட்டடம், திறப்பு விழாவுக்கு ஒரு பதாகை. காணி, மொழி, வெறுப்புப் பேச்சு, பயங்கரவாதத் தடைச் சட்டம் இவற்றைப் பற்றி எழுத்தில் எத்தனை கோரிக்கை கொடுத்தோம்? "நம்மட ஆள்" இருந்தால் நாம் பேசத் தேவையில்லை என்ற பழக்கம் நம்மை மெல்ல மெல்ல ஊமையாக்கிவிட்டது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் கிழக்கின் மூன்று மாவட்டங்களிலும் முன்னணிக்கு வந்தவர் சஜித் பிரேமதாச. நவம்பரில் திகாமடுல்லவின் ஏழு ஆசனங்களில் நான்கு தேசிய மக்கள் சக்திக்குப் போயின. வென்ற பக்கம் சாய்வது ஒரு சமூகத்தின் நிரந்தரக் கொள்கையாக இருக்க முடியாது. ஜனாதிபதிக்கு வாக்களித்தவருக்கும் வாக்களிக்காதவருக்கும் அவர் ஒரே ஜனாதிபதிதான். கேள்வி கேட்கும் உரிமை வாக்குச் சீட்டில் நாம் எங்கே புள்ளடி போட்டோம் என்பதைப் பொறுத்ததல்ல.

கேட்க ஆளில்லாத கடமை

நம் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அடிப்படைக் கடமைகளும் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆறாம் அத்தியாயத்தின் 28ஆம் உறுப்புரை, உரிமைகளை அனுபவிப்பதையும் கடமைகளைச் செய்வதையும் பிரிக்க முடியாது என்று தொடங்கி, ஒவ்வொருவருக்கும் உள்ள கடமைகளை வரிசைப்படுத்துகிறது. அரசியலமைப்பையும் சட்டத்தையும் பேணுவது, தேசிய ஒற்றுமையை வளர்ப்பது, தான் தேர்ந்த தொழிலை மனச்சாட்சியோடு செய்வது, பொதுச் சொத்தைப் பாதுகாப்பதோடு அது வீணாக்கப்படுவதையும் துஷ்பிரயோகம் செய்யப்படுவதையும் எதிர்ப்பது, பிறருடைய உரிமைகளை மதிப்பது, இயற்கையைப் பாதுகாப்பது.

அடுத்த உறுப்புரையான 29, இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது. அதாவது, செய்யாவிட்டால் கேட்க ஆளில்லை. சட்டம் படித்த ஒருவருக்கு இது பலவீனமாகத் தோன்றலாம். மறுமையை நம்பும் ஒருவருக்கு அப்படித் தோன்றக்கூடாது. யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் கடமைக்குத்தான் கனம் கூட என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அதை நோன்புக்கு மட்டும் ஏன் வைத்துக்கொள்கிறோம்? பாடசாலைக்கு நேரத்துக்குப் போவது, மின்மானியில் கை வைக்காதது, அரச மருந்தகத்தில் வரிசையை மீறாதது எல்லாம் இந்த உறுப்புரைக்குள் வருபவைதான்.

ஒரு விண்ணப்பத்தின் கதை

தேர்தல் முடிந்து இரண்டாவது வாரம். பத்தாம் வகுப்பில் குடியுரிமைக் கல்வி எடுக்கும் சக ஆசிரியை விடுமுறையில் இருந்ததால் அந்தப் பாடவேளைக்கு நான் போனேன். மூத்தம்மாவின் கான் கதையைச் சொன்னேன். "அது எங்கட ஒழுங்கையும்தான் டீச்சர்" என்று நாலைந்து கைகள் உயர்ந்தன. "சரி, யாரிடம் கேட்பது?" என்றேன். ஜனாதிபதியிடம், எம்.பி.யிடம், பள்ளிவாசல் தலைவரிடம் என்றெல்லாம் பதில் வந்தது. கான் யாருடைய பொறுப்பு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊருக்குள் இருக்கும் ஒழுங்கைகளும் அவற்றின் கான்களும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு உரியவை. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து 2025 வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்கு இது செய்தியாக இருந்தது.

தகவல் அறியும் விண்ணப்பம் ஒன்றை வகுப்பே சேர்ந்து எழுதியது. என் பெயரில் கையெழுத்திட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றே கேள்விகள்: இந்த ஒழுங்கைக்குக் கான் அமைக்க இதுவரை ஏதும் மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா? கடந்த ஐந்து வருடத்தில் அதற்கு ஏதும் நிதி ஒதுக்கப்பட்டதா? பொதுமக்களிடமிருந்து கோரிக்கை ஏதும் வந்து கோவையில் இருக்கிறதா?

நடைமுறை மிக எளிது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ பதினான்கு நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

எங்களுக்குப் பதில் தவணைக்குள்ளேயே வந்தது. மதிப்பீடு இல்லை. நிதி ஒதுக்கீடு இல்லை. மூன்றாவது கேள்விக்கான பதில்தான் வகுப்பை அமைதியாக்கியது: அவ்வாறான கோரிக்கை எதுவும் கோவையில் இல்லை.

இத்தனை வருடமாக அந்த ஒழுங்கைக்காரர் கேட்காத ஆளில்லை. மேடையில் கேட்டார்கள், மாலை போடும்போது கேட்டார்கள், பெருநாள் தொழுகை முடிந்து முஸாபஹா செய்யும்போது கேட்டார்கள். ஒருவரும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்கவில்லை. எல்லாம் காற்றோடு போன பேச்சு. அரசாங்கத்தின் கண்ணில் அந்த ஒழுங்கையில் தண்ணீரே ஏறவில்லை!

அந்த வாரமே பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கினார்கள். அறுபத்திரண்டு கையொப்பங்களோடு ஒரு கோரிக்கைக் கடிதம் சபைக்குப் போனது. பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி. திகதி முத்திரை குத்திய எங்கள் பிரதி வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது. கான் இன்னும் வரவில்லை. நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் மூத்தம்மாவின் வீட்டுக்குள் மீண்டும் தண்ணீர் ஏறியது. ஆனால் இம்முறை அது கோவையில் இருக்கிற ஒரு பிரச்சினை.

நாளைக்குச் செய்யக்கூடியவை

பெரிய திட்டமெல்லாம் என்னிடம் இல்லை. சாதாரண மனிதர் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டிலுள்ள பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரின் பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று வருடாவருடம் பார்ப்பது. தேர்தல் அறிவித்த பிறகு கிராம உத்தியோகத்தரைத் தேடி ஓடுவதில் பலனில்லை. திருமணம் முடித்துப் போன பெண் பிள்ளைகளின் பெயரும், வாடகை வீட்டுக்கு மாறியவர்களின் பெயரும்தான் அதிகம் விடுபடுகின்றன.

இரண்டாவது, உரிமை மீறல் நடந்தால் நாளைக் கடத்தாமல் இருப்பது. அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் கழிக்கப்படும். 2018இலும் 2019இலும் பாதிக்கப்பட்ட எத்தனையோ பேர் இது தெரியாமலே காலத்தைத் தவறவிட்டார்கள்.

மூன்றாவது, உள்ளூராட்சித் தேர்தலை ஜனாதிபதித் தேர்தலைவிடச் சின்னதாக நினைக்காமல் இருப்பது. நமது கானும், குப்பையும், தெரு விளக்கும், நூலகமும் அங்கேதான் இருக்கின்றன. வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வருபவரிடம் சபையின் வரவு செலவு பற்றி இரண்டு கேள்வி கேட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

நான்காவது, நம் வீட்டுக்குள் இருப்பது. ஜனாதிபதியிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் நாம், நமது பள்ளிவாசல் நிர்வாக சபையிடமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும், சகாத் நிதியத்திடமும் அதைக் கேட்கிறோமா? வருடாந்தக் கணக்கு அறிக்கையை விளம்பரப் பலகையில் ஒட்டும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். ஒட்டாதவையும் இருக்கின்றன. ஊரில் பாதிப் பேர் பெண்கள். அவர்களின் கருத்து எந்தக் கூட்டத்தில் பதியப்படுகிறது? தேர்தல் நாளன்று வரிசையில் முதல் ஆளாக நிற்கும் அந்தப் பெண்களுக்கு, மற்ற நாட்களில் ஒரு கதிரை கிடைப்பதில்லை.

ஐந்தாவது, கைப்பேசி. உறுதிப்படுத்தாத ஒரு செய்தியை அனுப்பாமல் விடுவதும் ஒரு குடிமைக் கடமைதான். திகனயில் எரிந்த கடைகளுக்குக் கைப்பேசியில் பரவிய பொய்களும் எண்ணெய் ஊற்றின. அந்தக் காயத்தைப் பட்ட நாமே இன்னொருவரைப் பற்றிய பொய்யைக் கண்ணை மூடிக்கொண்டு பரப்பினால் அதற்கு என்ன பெயர்?

இறுதியாக

2019இல் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன நம் மக்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1990இல் ஒரே ஒக்டோபரில் விரட்டப்பட்ட மக்களும் அவர்களின் பிள்ளைகளும் அவர்கள். முப்பது வருடம் கழித்தும் தங்கள் மண்ணில் ஒரு புள்ளடியைப் போடுவதற்காக விடிய முன் பஸ் ஏறியவர்கள். அவ்வளவு விலை கொடுத்துப் போடும் வாக்கை அன்றைய பின்னேரத்தோடு முடிந்துபோக விடலாமா?

புதிய ஜனாதிபதியின் மீது நம்பிக்கை வையுங்கள் என்றோ வைக்காதீர்கள் என்றோ சொல்வது என் வேலையல்ல. நல்லது செய்தால் நல்லது என்று சொல்வோம். பிழை செய்தால் பிழை என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்குவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதை நாம் மதுரஸாவில் படித்திருக்கிறோம். புள்ளடி போட்டது கயிறு வாங்கிய மாதிரிதான். கட்டுகிற வேலை இன்னும் கிடக்கிறது.

போன வாரம் சந்தையில் அந்த மூத்தம்மாவைக் கண்டேன். மை அழிந்துவிட்டது. பேத்தி எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "மகள், கான் எப்ப வரும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன் பேத்தி சொன்னாள்: "உம்மும்மா, ஜனவரி பதினைஞ்சாம் திகதி போய்க் கேக்க இருக்கிறம். நீங்களும் வாங்க."